ஒற்றை ஆளுக்கு ஓர் ஐஸ் கூடாரம்: ஃபிளிப்பா, ஹப்பா?

சிம்கோ ஏரிக்கு ஐஸ் மீன்பிடிக்கப் போகிறவரை வீட்டுக்கு அனுப்பிவைப்பது குளிர் அல்ல, காற்று. மைனஸ் 12 பாகையில் வெயிலடித்து, காற்றும் ஓய்ந்திருந்தால், கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து மத்தியானம் வரைக்கும் தூண்டிலை ஆட்டிக்கொண்டிருக்கலாம். அதே மைனஸ் 12-இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று எழும்பினால் தோலுக்கு அது மைனஸ் 22. ஏரியின் பரப்பு ஏறத்தாழ 744 சதுர கிலோமீட்டர். உறைந்தபின் அந்தப் பரப்பில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஆகவே கூடாரம் ஆடம்பரமா என்ற கேள்வியை விட்டுவிடலாம். எந்தக் கூடாரம் என்பதுதான் கேள்வி.

ரொறன்ரோவிலிருந்து போகிறவர்களுக்கு முதல் வழி வாடகைக் குடிசை. ஜோர்ஜினா பக்கத்துக் கரைகளில் குடிசைக்காரர்கள் இருக்கிறார்கள். கரையில் காரை விட்டால் பனிவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், துளை போட்டு, ஹீட்டர் மூட்டி வைத்த மரக்குடிசையில் இறக்கிவிடுவார்கள். ஒருபோதும் போகாதவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. குறை ஒன்றுதான்: குடிசை நிற்கும் இடத்தில்தான் நீங்கள் மீன்பிடிக்க வேண்டும். மீனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தெற்கே ஆழம் குறைந்த குக்ஸ் விரிகுடாவில் பேர்ச் மீன்கள் கூட்டமாக அலையும். காலையில் ஒரு துளைக்கடியில் நெருக்கியடித்து நின்றவை பத்து மணிக்கு 50 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அவற்றின் பின்னால் போக ஆசைப்படுகிறவர்தான் சொந்தக் கூடாரம் தேடத் தொடங்குகிறார்.

கடையில் ஒற்றை ஆள் கூடாரம் என்று கேட்டால் இரண்டு வகை காட்டுவார்கள். இரண்டிலும் இருந்து மீன்பிடித்திருக்கிறேன். குறிப்பிட்ட மாதிரி எதையும் இங்கே பரிந்துரைக்கப் போவதில்லை. கிளாம், எஸ்கிமோ, ஒட்டர், ஃப்ராபில் என்று எந்தப் பெயரை எடுத்தாலும் மாதிரிகள் அடிக்கடி மாறுகின்றன, வகைகள் மாறுவதில்லை. வகையைச் சரியாகத் தேர்ந்துவிட்டால் அதற்குள் நல்ல மாதிரியைப் பிடிப்பது சின்ன வேலை. வகையில் பிழைத்தால், எவ்வளவு நல்ல மாதிரியானாலும் இரண்டாம் வருடமே கராஜில் தூசு பிடிக்கும்.

முதல் வகை ஃபிளிப். ஒரு ஸ்லெட், அதாவது தடித்த பிளாஸ்டிக்கில் செய்த சறுக்குத் தொட்டி. அதன் பின்பக்கத்தில் அலுமினியக் குழாய்களும் துணியும் மடிந்து கிடக்கும், நடுவே ஓர் இருக்கை. உட்கார்ந்தபடியே குழாயைப் பிடித்து முன்னால் கவிழ்த்தால், குழந்தை தள்ளுவண்டியின் மூடியைப் போலத் துணி தலைக்கு மேலாக வந்து முன்னே ஐஸில் இறங்கிவிடும். அவ்வளவுதான், கூடாரம் தயார். ஐந்து விநாடிகூட ஆகாது. சாமான் எல்லாம் அதே ஸ்லெட்டில். அடுத்த துளைக்குப் போக வேண்டுமா? மூடியைப் பின்னால் தள்ளி, எழுந்து, கயிற்றை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

இந்த வடிவத்தைப் பரப்பியவர் மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஜென்ஸ். அவருடைய ‘ஃபிஷ் ட்ராப்’ கூடாரம் 1980-களில் வட அமெரிக்க ஐஸ் மீன்பிடியின் போக்கையே திருப்பியது. அதற்கு முன் பெரும்பாலானோர் ஒரு குடிசைக்குள் இருந்துகொண்டு மீனுக்காகக் காத்திருந்தார்கள். ஜென்ஸ் வரிசையாகத் துளைகளைப் போட்டுவிட்டு, ஃப்ளாஷர் எனப்படும் ஒலியலைக் கருவியை ஒவ்வொன்றிலும் இறக்கிப் பார்த்து, மீன் இல்லையென்றால் உடனே நகர்ந்தார். அந்த நடைக்காகவே பிறந்தது ஃபிளிப். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஃபிளிப்பை வாங்குகிறவர் ஒரு கூடாரத்தோடு ஒரு மீன்பிடி முறையையும் சேர்த்து வாங்குகிறார். ஒரே துளையில் நாள் முழுக்க இருக்கிறவருக்கு அந்தப் பணத்தின் பாதி வீண்.

இரண்டாவது வகை ஹப். நாலு சுவரும் ஒரு கூரையும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குமிழ், அதிலிருந்து நாலு மூலைக்கும் ஓடும் கண்ணாடியிழைக் கம்பிகள். குமிழில் தொங்கும் பட்டியைப் பிடித்து வெளியே இழுத்தால் சுவர் ‘டப்’ என்று விறைத்து நிற்கும். மடித்தால் ஒரு நீளப் பை, தோளில் மாட்டலாம். ஹப்பில் ஒற்றை ஆளுக்கென்று தனியாக வருவது அபூர்வம். பெட்டியில் ‘2 பேர்’ என்று எழுதியிருப்பதையே ஒருவருக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டும். 5 அடிக்கு 5 அடி தரையில் ஒரு நாற்காலி, ஒரு ஹீட்டர், ஒரு வாளி, இரண்டு துளை, குளிர் உடுப்போடு ஒரு மனிதர் என்று வைத்துப் பாருங்கள், இரண்டாவது ஆளுக்கு இடம் எங்கே? அந்த இரண்டு பேர் கணவன் மனைவியாக இருந்தாலும் மத்தியானத்துக்குள் பேச்சு நின்றுவிடும்.

இனி எடை. விளம்பரத் தாள்கள் இதைக் கடைசி வரியில் பொடி எழுத்தில் போடுகின்றன. நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சின்ன ஹப் 9 முதல் 14 கிலோ வரை இருக்கும். ஒற்றை ஆள் ஃபிளிப் பெரும்பாலும் 25 கிலோவுக்கு மேல், தடித்த துணியும் சொகுசு இருக்கையும் சேர்ந்தால் 40-ஐத் தொடும். ஆனால் இந்த இரண்டு எண்ணையும் நேராக ஒப்பிடக் கூடாது. ஹப்புக்கு ஸ்லெட் கிடையாது. துளை போடும் ஓகர், ஹீட்டர், காஸ் சிலிண்டர், நாற்காலி, தூண்டில் பெட்டி, உயிர் இரை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு பிளாஸ்டிக் ஸ்லெட் வேண்டும். சாமானோடு சேர்த்துப் பார்த்தால் ஹப்காரர் 35 கிலோவையும் ஃபிளிப்காரர் 55 கிலோவையும் இழுப்பார்கள்.

பனி விழாத, வழுவழுப்பான ஐஸில் 55 கிலோவை ஒரு விரலால் இழுக்கலாம். ஜனவரித் தொடக்கத்தில் அப்படிச் சில நாட்கள் வாய்க்கும். அதன் பிறகு பனி கொட்டும். 20 சென்டிமீட்டர் புதுப்பனியில் அதே ஸ்லெட் மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு நிற்கும். அதைவிடக் கொடியது சேற்றுப்பனி. மேலே விழுந்த பனியின் பாரத்தில் ஐஸ் கீழே அமுங்க, வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் மேலேறிப் பனியோடு குழையும். மேலே வெள்ளையாகத் தெரியும், கால் வைத்தால் கணுக்கால் வரை ஈரம். அதற்குள் போன ஸ்லெட்டின் அடியில் ஐஸ் ஒட்டி, நின்ற இடத்திலேயே உறையத் தொடங்கும். பனிவண்டி வைத்திருக்கிறவருக்கு இது ஒரு தொல்லையே இல்லை. கால்நடையாகப் போகிற நமக்கு இதுதான் எல்லாம். ஃபிளிப் வாங்கினால் கையால் இழுக்கும் கயிற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, இடுப்பில் மாட்டும் இழுவைப் பட்டி ஒன்று வாங்குங்கள். முதுகும் தோளும் நன்றி சொல்லும்.

கார் விஷயம். 404 நெடுஞ்சாலை முடிகிற இடத்திலிருந்து கெஸ்விக் கூப்பிடு தூரம்தான், போக்குவரத்து சிரமமில்லை. ஆனால் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள ஃபிளிப் ஸ்லெட் ஒரு கொரோலாவின் டிக்கிக்குள் போகாது. மினிவானில் பின்னிருக்கையை மடித்தால் போகும். ஹப்பின் பை பின்னிருக்கையில் குறுக்கே படுத்துக்கொள்ளும். இன்னொன்று, கடைக்காரர் யாரும் கேட்காத கேள்வி: நீங்கள் இருப்பது வீட்டிலா, அடுக்குமாடியிலா? திரும்பி வந்த கூடாரம் ஈரமாக இருக்கும். அன்றிரவே விரித்துக் காயப்போடாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கராஜோ நிலவறையோ உள்ளவருக்குக் கவலையில்லை. ஸ்கார்பரோவில் பதினான்காம் மாடியில் இருக்கிறவர் ஃபிளிப் ஸ்லெட்டோடு மின்தூக்கியில் ஏறுவதைக் கற்பனை செய்து பாருங்கள். ஹப்பை வரவேற்பறையில் விரித்துக் காயவைக்கலாம். பிள்ளைகள் அதற்குள் குடியேறிவிடுவார்கள், அது வேறு கதை.

காற்றில் எழுப்புவதில் ஃபிளிப்புக்கு நிகர் இல்லை. ஸ்லெட்டின் முதுகைக் காற்றுக்குக் காட்டி நிறுத்தி, உட்கார்ந்து மூடியைக் கவிழ்த்தால் உங்கள் எடையே நங்கூரம். ஹப்பைத் தனி ஆளாக 30 கிலோமீட்டர் காற்றில் எழுப்புவது ஒரு கலை. முழுதாக விரிந்த ஹப் கையை விட்டு நழுவினால் ஏரியின் மறுகரை வரை உருண்டோடும், துரத்திப் பிடிக்க முடியாது. குக்ஸ் விரிகுடாவில் ஒரு பெரியவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, காத்து வாற பக்கத்து மூலையை முதல் ஆணி அடிச்சு இறுக்குங்கோ. மிச்சத்தைப் பிறகு பாப்பம்.” இதற்கு மேல் எந்தக் கையேடும் சொல்லித்தரப் போவதில்லை. ஐஸில் திருகி இறக்கும் ஆணி ஒன்றைக் காற்றுப் பக்கத்து மூலையில் முதலில் இறக்கி, கூடாரத்தை அதில் கட்டிவிட்டு, பிறகு சுவர்களை ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும். கழற்றும்போது அந்த ஆணிதான் கடைசி. ஆணிகளைக் கையால் திருகுவது வெறுங்கதை. மின்கலத் துளைப்பானில் மாட்டும் முனை தனியாகக் கிடைக்கிறது, அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பெட்டியோடு வரும் ஆணிகள் பெரும்பாலும் எண்ணிக்கையில் போதாது.

மணற்கரை நிழற்கூடாரம் போல எஃகுச் சுருளை முறுக்கி வட்டமாக மடிக்கும் மலிவான ஐஸ் கூடாரங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றைத் தொட வேண்டாம். உறைந்த விரல்களால் எஃகுச் சுருளை எட்டாக முறுக்கி மடிப்பது யாராலும் ஆகாது.

உள்ளே உட்கார்ந்த பிறகு கதை மாறுகிறது. ஒற்றை ஆள் ஃபிளிப்பில் முழுதாக எழுந்து நிற்க முடியாது, பலவற்றில் நிமிர்ந்து உட்காரத்தான் முடியும். துளைகள் இரண்டும் காலுக்கு முன்னே நெருக்கமாக இருக்கும். ஒன்றில் தூண்டில், மற்றதில் ஃப்ளாஷர் என்று வைத்தால் சரி. இரண்டிலும் தூண்டில் போட்டால் பெரிய மீன் சுற்றும்போது இரண்டு நரம்பும் பின்னிக்கொள்ளும். ஒன்ராறியோவில் பெரும்பாலான ஏரிகளில் ஐஸில் ஒருவர் இரண்டு தூண்டில் போடலாம், இரண்டும் 60 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆகவே பலர் ஒன்றை உள்ளேயும் மற்றதை வெளியே கொடி காட்டும் பொறியாகவும் வைப்பார்கள். ஹப்பின் ஜன்னல் வழியாக அந்தக் கொடியைப் பார்த்து, கதவைத் திறந்து ஓடலாம். ஃபிளிப்பில் கொடி எழும்பும் ஒவ்வொரு தடவையும் கூரையையே தூக்கிவிட்டு ஓட வேண்டும். ஒரு மணி நேரம் சேர்த்த சூடு ஒரே தூக்கில் போய்விடும்.

சூடு என்றதும் துணி. டெனியர் என்ற எண்ணைப் பெரிதாக எழுதியிருப்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். 300-க்குக் கீழே போகாதீர்கள், 600 இருந்தால் நல்லது, அதற்கு மேலே எடையைத்தான் கூட்டுகிறீர்கள். அதைவிட முக்கியம் ஒற்றைத் துணியா, நடுவில் பஞ்சடுக்கு வைத்துத் தைத்ததா என்பது. பஞ்சடுக்கு சூட்டைப் பிடித்து வைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் உண்மையான பயன் வேறு.

புரொப்பேன் எரியும்போது தண்ணீர் பிறக்கிறது. ஒரு கிலோ புரொப்பேன் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவியைக் கக்கும். முகாம்களில் பயன்படும் 465 கிராம் பச்சைச் சிலிண்டர் ஒன்று முடிவதற்குள் முக்கால் லிட்டர் தண்ணீர் கூடாரத்துக்குள் ஆவியாகச் சேர்ந்துவிடும். உங்கள் மூச்சு அதற்கு மேலதிகம். ஒற்றைத் துணிக் கூடாரத்தில் அந்த ஆவி நேரே குளிர்ந்த கூரையில் போய் உறைபனியாகப் படியும், ஹீட்டர் கொஞ்சம் சூடேற்றியதும் உருகிப் பிடரியில் சொட்டும். மாலையில் மடிக்கும்போது துணி தகடாக விறைத்து, பைக்குள் நுழையாமல் அடம்பிடிக்கும். பஞ்சடுக்குத் துணியின் உட்புறம் சூடாக இருப்பதால் அவ்வளவு ஆவி படியாது. நான் பஞ்சடுக்குக்குக் கூடுதல் பணம் கொடுக்கச் சொல்வது சூட்டுக்காக அல்ல, இந்தச் சொட்டுக்காக. சின்னக் கூடாரத்தைச் சூடாக்க மிகச் சின்ன ஹீட்டரே போதும். 4,000 பிடியு அளவில் எரித்தால் அந்தச் சிலிண்டர் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியது காற்றோட்டம். மூடிய கூடாரத்தில் எரியும் எந்த ஹீட்டரும் ஒட்சிசனைத் தின்னும், சரியாக எரியாதபோது கார்பன் மொனொக்சைட்டையும் விடும். அதற்கு மணமில்லை. ஒட்சிசன் குறைந்தால் தானாக அணையும் ஹீட்டரை மட்டும் வாங்குங்கள். அதை நம்பி எல்லாத் துவாரத்தையும் அடைக்காதீர்கள்: மேலே ஒன்று, கீழே ஒன்று எப்போதும் திறந்திருக்கட்டும். மின்கலத்தில் இயங்கும் கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் கூரையில் தொங்கவிடுவது பெரிய செலவல்ல. கருப்பு உட்புறத் துணியில் உட்கார்ந்து, பச்சையாக ஒளிரும் துளைக்குள் பேர்ச் வந்து இரையை முகர்ந்து பார்ப்பதை வேடிக்கை பார்க்கும்போது இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. மெல்ல வரும் தலைவலியும் அப்படித்தான் தெரியாமல் போகும்.

மற்றவை சுருக்கமாக. ஸிப் பெரிய பல்லாக இருக்க வேண்டும், இழுப்புக்குக் கையுறையோடு பிடிக்கும் அளவு நாடா வேண்டும். ஜன்னல் பிளாஸ்டிக் கடுங்குளிரில் அப்பளமாக நொறுங்கும், ஆகவே கழற்றி மாற்றக்கூடிய ஜன்னலாகப் பாருங்கள். பாவாடைத் துணி அகலமாக இருந்தால் அதன்மேல் பனியை வாரிப் போட்டுக் காற்றை அடைக்கலாம். காலடியில் நுரைப்பாய் இல்லாவிட்டால் ஹீட்டர் வெப்பத்தில் தரை குளமாகும்.

சட்டம் நமக்குச் சாதகம். ஒன்ராறியோவில் சிம்கோ உட்படப் பல மண்டலங்களில் ஐஸ் குடிசைகளைப் பதிவு செய்து எண் எழுத வேண்டும். ஆனால் துணிக் கூடாரம் விரித்தபின் தரைப்பரப்பு 7 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டால் பதிவு தேவையில்லை. 6 அடிக்கு 6 அடி ஹப்கூட மூன்றரைக்குள் அடங்கும்.

ஒற்றை ஆள் கூடாரம் என்பதற்குத் தனியாகப் போகலாம் என்று பொருள் கொள்ளாதீர்கள். பக்கத்தில் இன்னொருவர் தன் கூடாரத்தில் இருக்கட்டும். நடப்பதற்குத் தெளிந்த நீல ஐஸ் குறைந்தது 10 சென்டிமீட்டர் வேண்டும் என்பது பரவலான கணக்கு, கனடிய செஞ்சிலுவைச் சங்கம் 15 என்கிறது. நான் 15-ஐ எடுத்துக்கொள்கிறேன். வெள்ளை ஐஸ் பாதிப் பலம்தான், அதற்கு இரட்டிப்பு வேண்டும். சாம்பல் நிறம் கண்டால் திரும்பிவிடுங்கள். போகும்போதே துளைத்து அளந்துகொண்டு போங்கள், கழுத்தில் ஐஸ் குத்தூசிகள் தொங்கட்டும்.

ஐஸ் பேச்சு எடைக் கணக்கையும் மாற்றுகிறது. 2023-24 குளிர்காலம் கனடாவில் பதிவானவற்றிலேயே மிக வெப்பமானது. இப்படியான வருடங்களில் ஐஸ் தாமதமாக வரும், மெல்லியதாக இருக்கும், பனிவண்டி ஏற்ற முடியாத நாட்களே அதிகம். கால்நடையாக, கரைக்கு அருகில், இலகுவான சுமையோடு போகிறவர்தான் அந்தப் பருவத்தில் மீன்பிடிப்பார். பத்து வருடம் பயன்படுத்தப் போகும் பொருளை வாங்கும்போது இதையும் யோசிக்க வேண்டும்.

என் தீர்ப்பு: மீன்பிடிக் கருவி என்ற அளவில் ஃபிளிப்தான் மேல். மினிவான், கராஜ், ஃப்ளாஷர், வாராவாரம் போகும் வெறி இவை நான்கும் உங்களிடம் இருந்தால் பஞ்சடுக்கு வைத்த ஒற்றை ஆள் ஃபிளிப்பை எடுங்கள், யோசிக்கத் தேவையில்லை. நான்கில் ஒன்று குறைந்தாலும் பஞ்சடுக்கு வைத்த ‘2 பேர்’ ஹப். விலையும் ஃபிளிப்பைவிடக் குறைவு, மிச்சப் பணத்தில் நல்ல பூட்ஸ் வாங்கலாம். எதுவானாலும் கடைக்குப் போகும்போது உங்கள் குளிர் கையுறையைக் கொண்டுபோங்கள். விரித்துக் காட்டச் சொல்லி, பிறகு கையுறை போட்ட கையாலேயே நீங்களே எழுப்பி, மடித்து, பைக்குள் போட்டுப் பாருங்கள். கடையின் சூட்டில் முடியாதது ஏரியில் முடியாது. அந்தக் கூடாரத்தை அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.